மேட்ச் டை-பிரேக்கும் ஒரு கடைவாய்ப் பல்லும்

போன சனிக்கிழமை பேப்பரில் விளையாட்டுப் பக்கம் பார்த்தீர்களா?

கிரிக்கெட்டைத் தாண்டி, கால்பந்தைத் தாண்டி, கீழே டயர் விளம்பரத்துக்கு மேலே... கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஆண்கள் டபுள்ஸ் கால் இறுதி. நான்கு பெயர்கள். பிறகு 4-6, 6-4, 12-10. அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். டபுள்ஸ் ரிசல்ட்டை யார் பார்க்கிறார்கள்? ஆனால் அந்த ஒரு வரிக்குள் என் அக்கா, என் தங்கை, ஒரு ஸ்கூட்டர், இரண்டு டீ, ஒரு பொய்ப் பல்வலி எல்லாம் இருந்தன. நானும் இருந்தேன். ஹைவே ஓரத்தில், போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டு.

இத்தனைக்கும் நான் எதற்கும் பதறாத ஆள். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். (அடுப்படியில் பாம்பு சீறுகிறது என்று தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டது யார் என்று கேட்டு மறுபடியும் கடிதம் எழுத வேண்டாம். அது குக்கர்தான் என்று அப்போதே ஒப்புக்கொண்டாயிற்று.)

விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா முத்துலட்சுமி ராஜபாளையத்தில், என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். தங்கை கோமதி ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரோடும் வீதிக்குப் பக்கத்துச் சந்தில். ஆளுக்கு ஒரு பையன். அக்கா மகன் மணி, தங்கை மகன் சரவணன். இரண்டு பேருக்கும் காது குத்தியது என் மடியில்தான். இரண்டு பேருக்கும் முதல் டென்னிஸ் மட்டை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். மில் குவார்ட்டர்ஸ் சிமெண்ட் கோர்ட்டில் ஆட ஆரம்பித்தவர்கள், இன்று ஊர் ஊராகப் போய் ஆடுகிற ப்ரொஃபஷனல் பிளேயர்கள். பெருமையை வேறு யாராவது கேட்க வந்தால் மட்டை வாங்கிய பில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

சிங்கிள்ஸில் இரண்டு பேருக்கும் ரேங்கிங் நொண்டியடித்தது. டபுள்ஸில் பிடித்துக்கொண்டார்கள். மூன்று வருடம் ஜோடி. ஒரே ரூம், ஒரே ரைஸ் குக்கர், ஒரே ஊறுகாய் பாட்டில்.

ஆறு மாதத்துக்கு முன் சரவணனுக்கு ஓர் அழைப்பு வந்தது. கூப்பிட்டவன் செர்பியாக்காரன், ஆறரை அடி உயரம், ரேங்கிங்கில் எங்கேயோ மேலே இருக்கிறவன். டபுள்ஸில் இரண்டு பேர் ரேங்கிங்கையும் கூட்டிப் பார்த்துத்தான் பெரிய போட்டிகளில் சேர்ப்பார்கள். சரவணன் போனான். மணி ஒரு தைவான் பையனைப் பிடித்துக்கொண்டான். பையன்களுக்குள் ஒரு சின்ன வருத்தம்கூட இல்லை.

அம்மாக்கள்தான் பிரிந்துவிட்டார்கள்.

ஏதோ ஒரு டோர்னமெண்ட்டின் டிராவை, அதாவது யாரோடு யார் மோதுவது என்கிற பட்டியலை, போனில் பார்த்துத்தான் அக்காவுக்கு விஷயமே தெரிந்தது. மகன் பெயருக்குப் பக்கத்தில் சரவணன் பெயர் இல்லை. “அவன் போனது தப்புன்னு நான் சொல்லவே இல்லலே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம மறச்சுட்டா பாரு, அதான்” என்றாள். கோமதிக்கோ வேறொரு கோபம். அது என்ன என்று பிறகு சொல்கிறேன். ஆறு மாதம் போன் கிடையாது, போக்குவரத்து கிடையாது.

ஒவ்வொரு வருடமும் ஆடிப்பூரத் தேருக்கு அக்கா குடும்பத்தோடு கோமதி வீட்டில் போய் இரண்டு நாள் தங்குவாள். அந்த இரண்டு நாளும் அடுப்படியில் இரண்டு பேரும் போடுகிற சத்தம் தேர் இழுக்கிற சத்தத்தைவிட அதிகமாக இருக்கும். இந்த வருடம் கேட்டதற்கு, “தேரை டிவியில பாத்துக்கிடுதேன்” என்றுவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் தாய்லாந்தில் ஒரு போட்டி. டிரா வந்தது. பதினாறு ஜோடிகள். நான் பிராக்கெட் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். மணி ஜோடி ஜெயித்தால் இங்கே வரும்... சரவணன் ஜோடி ஜெயித்தால்... அதுவும் இங்கேதான் வரும். கால் இறுதியில் நேருக்கு நேர்!

அன்று ஒரு வேண்டுதல் வைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். “ஆண்டாளே, ரெண்டு பேர்ல ஒருத்தன் முதல் ரவுண்டுலயே தோத்துரணும். யாருங்கிறதை உன் இஷ்டத்துக்கே விட்டுருதேன்.” பிறகுதான் ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி ஆயிற்றே என்று உறைத்தது. நடுநிலைக்காக ராஜபாளையத்திலும் ஒரு தேங்காய் உடைத்தேன்.

இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள். சொந்தப் பிள்ளைகள் ஜெயித்ததற்கு இப்படித் தலையில் கைவைத்து உட்கார்ந்த தாய்மாமன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உடனே போன்.

“ஏலே, வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மேட்ச்சு. நம்ம வீட்டுக்கு வந்துரு. அங்கிட்டுப் போய் உக்காந்தேன்னு வச்சுக்கோ, பொறவு இந்த வாசப்படிய மிதிக்காத.” இது அக்கா.

பத்து நிமிடத்தில் கோமதி. “அண்ணே, வெள்ளிக்கிழமை இங்க வந்துருங்க. வரலைன்னா எனக்கு அண்ணனே இல்லைன்னு நெனச்சுக்கிடுதேன்.”

இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மிரட்டலிலும் ஒரே பாடத்திட்டம்.

யார் ஜெயித்தாலும் எனக்கு ஒரு சகோதரி அவுட். இந்த நிலைமையில் ஒரு தைரியசாலி என்ன செய்வான்? நான் செய்ததைத்தான் செய்வான். இரண்டு பேரிடமும் “கண்டிப்பா வாரேன்” என்றேன்.

திட்டம் எளிது. முதல் செட் ராஜபாளையம், இரண்டாவது செட் ஸ்ரீவில்லிபுத்தூர். பைக்கில் அரை மணி நேரம்கூட ஆகாது. காரணம்? பல்வலி. அக்காவிடம், நான்கு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் டாக்டர். கோமதியிடம், மூன்று மணிக்கு ராஜபாளையத்தில் பல் டாக்டர், முடித்துவிட்டு வருகிறேன். ஒரே பல், இரண்டு ஊர், இரண்டு டாக்டர். நான் வெளியுறவுத் துறையில் இருந்திருக்க வேண்டியவன்.

வெள்ளிக்கிழமை. அக்கா வீடு.

அத்தான் சோழபுரத்துக்காரர். மிலிட்டரியில் இருந்து ஓய்வுபெற்றவர். அவர் வாயில் வார்த்தை ரேஷனில்தான் வரும். டிவியில் மேட்ச்சைப் போட்டுவிட்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அக்கா அடுப்படியில், சுவரைப் பார்த்துக்கொண்டு, சின்ன வெங்காயம் உரித்தாள். மகன் ஆடுவதை அவள் நேராகப் பார்ப்பதில்லை. காதால்தான் பார்ப்பாள்.

“யாரு பாயிண்ட்டு?”

“நம்மாளு.”

“இப்ப?”

“இல்ல.”

நான் நடுவில் உட்கார்ந்து நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். என் கையில் மகள் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச். அது திடீரென்று அதிர்ந்தது. ‘நீங்கள் உடற்பயிற்சி செய்வதுபோல் தெரிகிறது. பதிவு செய்யலாமா?’ நான் சோபாவில் இருக்கிறேன், அம்மா தாயே.

மணி ஜோடி 5-4. சரவணன் சர்வீஸ். செட் பாயிண்ட். இரண்டு சர்வீஸும் வலையில், டபுள் ஃபால்ட்! அத்தான் தொடையில் தட்டினார். செட் நமக்கு.

அக்கா வெங்காயமும் கத்தியுமாக எழுந்து ஹாலுக்கே வந்துவிட்டாள். ரீப்ளேயைப் பார்த்தாள். “ஏன் தோளை இப்படி இடுக்கிக்கிட்டு சர்வீஸ் போடுதான்? வலிக்கோ?”

அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் ஒண்ணும் கேக்கல” என்று சொல்லிவிட்டு வெங்காயத்திடம் திரும்பிப் போனாள். அத்தான் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். “அக்கா, பல்லு...”

“எந்தப் பல்லுலே?”

“வலது கடைவாய்.”

“காலையில இடது கன்னத்தப் புடிச்சிக்கிட்டு இருந்த?”

“பரவுதுக்கா.”

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். இடது பக்கம் மலை, வலது பக்கம் லாரி, நெஞ்சில் செட் ஸ்கோர். கோமதி வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டாவது செட் 3-3. மாப்பிள்ளை வியாபார விஷயமாக வெளியூர் போயிருந்தார். அவள் மட்டும் தனியாக, நின்றுகொண்டு பார்த்தாள். முதல் செட்டை உட்கார்ந்து பார்த்ததால்தான் போய்விட்டதாம்.

“வாங்கண்ணே. பல்லப் புடுங்கியாச்சா?”

“வாய்தா போட்டுருக்காரு.”

அப்போதுதான் கவனித்தேன். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். திரையின் மேல் பாதியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி இது? கைய எடு, பந்து எங்க போகுதுன்னே தெரியல.”

“அந்தப் பக்கம் மணி நிக்கான்ணே. அவன் மூஞ்சியப் பாத்துட்டா சரவணன் ஜெயிக்கணும்னு கும்பிட வர மாட்டேங்குது.”

இரண்டு பக்கமும் ஆட்டக்காரர்கள் இடம் மாறினார்கள். கோமதியின் கையும் மேலிருந்து கீழே இறங்கியது. மறுபடி இடம் மாறினார்கள், கை மேலே போனது. செட் முடியும்வரை இப்படியே. சரவணன் ஜோடி 6-4.

ஆளுக்கு ஒரு செட்.

இங்கேதான் என் மாபெரும் திட்டத்தில் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. டபுள்ஸில் ஆளுக்கு ஒரு செட் என்றால் மூன்றாவதாக மேட்ச் டை-பிரேக் ஆடுவார்கள். பத்து பாயிண்ட்டை முதலில் தொடுகிறவர் ஜெயித்தார், இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வேண்டும். முப்பது வருடமாக டென்னிஸ் பார்க்கிறேன் என்று ஊரெல்லாம் அளந்தவன், இதற்கு எந்த ஊரில் உட்காருவது என்று யோசிக்கவே இல்லை.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. அக்கா. “ஏலே, புடுங்கிட்டாரா? சட்டுன்னு வா, டை-பிரேக்கு ஆரம்பிக்கு!” இந்தப் பக்கம் கோமதி, “உக்காருங்கண்ணே, எங்கயும் போகக் கூடாது, ஆமா.” கையில் வாட்ச், ‘அருமை! இதே வேகத்தில் தொடருங்கள்!’

3-3 வரை தாங்கினேன். அதற்கு மேல் முடியவில்லை. “வண்டியில பி.பி. மாத்திரை இருக்கு, எடுத்துட்டு வாரேன்” என்று வெளியே வந்தவன், வண்டியிலேயே ஏறிப் போய்விட்டேன்.

இரண்டு ஊருக்கும் நடுவில் ஹைவே ஓரமாக ஒரு டீக்கடை. நிறுத்தினேன். போனை அணைத்தேன். டீ சொன்னேன்.

“என்ன சார், முகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு. ஆஸ்பத்திரியில யாரும் இருக்காவளா?” என்றார் கடைக்காரர்.

“இல்ல. டென்னிஸ்.”

அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

சரி, கோமதியின் கோபத்தைப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா? இப்போது சொல்லிவிடுகிறேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது உறுத்தியது அதுதான்.

செர்பியாக்காரன் கூப்பிட்டதும் சரவணன் முதலில் மணியிடம் சொன்னான். மணி “போலே, சந்தோஷமாப் போ” என்றான். அடுத்து என்னைக் கூப்பிட்டான். “மாமா, பெரியம்மாகிட்ட நான் சொன்னா அழுதுருவாவ. நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லிருங்க.” கோமதியும் சொன்னாள், “நீங்க சொன்னாத்தான் அக்கா கேப்பா.” நான் “அதை என்கிட்ட விடு” என்றேன். மார்பைத் தட்டி!

அன்று அக்காவுக்குத் தலைவலி. மறுநாள் செவ்வாய்க்கிழமை. அதற்கடுத்த நாள் எனக்குத் தைரியம் இல்லை. அப்படியே நாள் போய், டிரா வந்து, அவளே பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு சொன்னால் முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் அல்லவா? அதனால் அதையும் சொல்லவில்லை. ஆக, தங்கை சொல்லவே இல்லை என்று அக்காவுக்குக் கோபம். சொல்லி அனுப்பியும் அக்கா ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்று தங்கைக்குக் கோபம். நடுவில் ஒருவன், நியாயஸ்தன் முகத்தோடு, இரண்டு வீட்டிலும் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது டீ சொன்னேன். மேட்ச் இந்நேரம் முடிந்திருக்கும். போனைப் போடக் கை வரவில்லை.

அப்போது ராஜபாளையம் பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டர். ஓட்டுவது அத்தான். பின்னால் அக்கா, மடியில் ஒரு பை, முகம் கல் மாதிரி. என்னைக் கவனிக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூரை நோக்கிப் போயே போய்விட்டார்கள்.

டீ டம்ளரை அப்படியே பெஞ்சில் வைத்தேன். ஆறு மாதமாகப் போகாத வீட்டுக்கு இப்போது எதற்குப் போகிறாள்? ஜெயித்துவிட்டு தங்கையைத் தேற்றப் போகிறாளா? தோற்றுவிட்டுச் சண்டைக்குப் போகிறாளா? முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் அவள் முகம் எப்போதுமே அப்படித்தான் இருக்கும்.

பின்னாலேயே போனேன். கோமதி வீட்டு வாசலில் அத்தான் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

“அத்தான்... யாரு?”

“சரவணன்.”

போச்சு. சண்டைதான்.

அதன் பிறகு அத்தான் பேசினார். எங்கள் உறவு தொடங்கியதிலிருந்து அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது.

“பதினொண்ணு-பத்து, அவனுகளுக்கு மேட்ச் பாயிண்ட்டு. செர்பியாக்காரன் ஓங்கி அடிச்சான். பந்து வெளிய போய் விழுந்துச்சு. அவுட்டுன்னு கொடுத்தாச்சு மாப்ள. பதினொண்ணு-பதினொண்ணு. நம்ம பய கையைத் தூக்கிட்டான். ‘பந்து என் மட்டையில ஒரசிட்டுத்தான் போச்சு’ன்னு. யாரும் பாக்கல. அம்பயரே பாக்கல. இவனாச் சொன்னான். ஒரசுனா பாயிண்ட்டு அவனுகளுக்கு. மேட்ச் போச்சு.”

“அக்கா?”

“கத்தியக் கீழ வச்சா. அந்நேரம் போன் அடிச்சுது. கோமதி. ‘அக்கா’ன்னா. பொறவு அழுகைதான். இவ, ‘அழாதட்டி, இந்தா வாரேன்’னா. வந்துட்டோம்.”

உள்ளே போனேன். அடுப்படித் தரையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்தப் பை. அதற்குள்ளிருந்து உரித்த வெங்காயம் வெளியே வந்திருந்தது. உரித்ததை வீணாக்க மனம் வராமல் எடுத்து வந்திருக்கிறாள்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “எல்லாம் சரிதாம்ட்டி. அன்னைக்கு நீ ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

கோமதி நிமிர்ந்தாள். “என்னக்கா சொல்லுத? நான்தான் அண்ணன்கிட்ட...”

நான் கையைத் தூக்கினேன்.

“பந்து என் மேலதான்க்கா பட்டுச்சு” என்றேன். “சரவணனும் சொன்னான், இவளும் சொன்னா. உன்கிட்டச் சொல்லாம விட்டது நான்தான். பயந்துட்டேன்.”

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், கோமதி எப்படியும் அந்த வாக்கியத்தை முடித்திருப்பாள். அதற்கு அரை நொடி முன்னால் கையைத் தூக்கிக்கொண்டேன். மணி யாரும் பார்க்காதபோது தூக்கினான். நான் மாட்டிக்கொள்ளப் போகும்போது தூக்கினேன். வயது வித்தியாசம், வேறென்ன?

அடுத்த கால் மணி நேரம் என் அக்காவும் தங்கையும் ஜோடியாக ஆடினார்கள். அப்படி ஒரு டபுள்ஸை நான் தாய்லாந்திலும் பார்த்ததில்லை. ஒருத்தி தூக்கிக் கொடுத்தாள், மற்றவள் அடித்தாள்.

“ஆறு மாசம்லே! எம்புட்டு அழுதுருப்பேன் தெரியுமா?”

“அம்புட்டையும் தெரிஞ்சுக்கிட்டு இங்க வந்து காபியும் முறுக்கும் தின்னுருக்காருக்கா.”

“இன்னைக்கும் பாரு, ஸ்ரீவில்லிபுத்தூர்ல பல் டாக்டர்னு சொல்லிட்டு வந்தான்.”

“ராஜபாளையத்து டாக்டருன்னுல்லா என்கிட்டச் சொன்னாரு!”

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பினார்கள்.

“வாயத் தொறலே” என்றாள் அக்கா.

திறந்தேன். ஐம்பத்து மூன்று வயதில், அடுப்படி வெளிச்சத்தில், இரண்டு சகோதரிகள் என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். கோமதிதான் முதலில் சிரித்தாள். அக்கா கொஞ்ச நேரம் பிடிவாதமாக முறைத்துப் பார்த்துவிட்டு, முடியாமல் அவள் தோளிலேயே சாய்ந்து சிரித்தாள். வாசலில் நின்ற அத்தான் முதுகும் குலுங்கியது.

டபுள்ஸ் ஆடுகிறவர்கள் ஒன்று சொல்வார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் வருகிற பந்துதான் ஆபத்தானது. யாராவது ஒருவர் ‘என்னோடது’ என்று கத்திவிட வேண்டும். இருவரும் சும்மா இருந்தால், பந்து நடுவில் விழுந்து நம்மையே பார்க்கும். நான் ஆறு மாதம் சும்மா நின்றவன். கத்துகிறவனுக்குச் சில சமயம் மேட்ச்சே போய்விடும். போகட்டுமே... மணியைக் கேளுங்கள்.

நாங்கள் கேட்டோம். அன்று சாயங்காலமே வீடியோ காலில் இரண்டு பையன்களும் வந்தார்கள். ஒரே மேஜை, ஆளுக்கு ஒரு கிண்ணம் நூடுல்ஸ், நடுவில் அதே ஊறுகாய் பாட்டில். சரவணன் தோளில் ஐஸ் கட்டியிருந்தான். “வலிக்கால?” என்று கேட்டது பெரியம்மா. “சாப்பிட்டியாடா?” என்று மணியிடம் கேட்டது சித்தி. தோற்றவன் முகத்தில் கொஞ்சம் வாட்டம் இருந்தது. ரேங்கிங் பாயிண்ட் போனால் யாருக்குத்தான் இருக்காது? ஆனால் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“மாமா, பல்லு எப்படி இருக்கு?”

தாய்லாந்து வரைக்கும் போய்விட்டது.

அரை இறுதியில் சரவணன் ஜோடி 6-2, 6-1 என்று சுருண்டது. அதற்கு இரண்டு வீட்டிலும் சேர்ந்து துக்கம் அனுசரித்தார்கள். ஆடிப்பூரத்துக்கு அக்கா இரண்டு நாளைக்குப் பதில் நான்கு நாள் தங்கப் போகிறாளாம். எனக்கும் அழைப்பு உண்டு. வெங்காயம் உரிக்க.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஒன்றைத் தவிர. திங்கட்கிழமை காலையிலிருந்து வலது கடைவாய்ப் பல் நிஜமாகவே வலிக்கிறது. இரண்டு ஊரிலும் ஒருத்தர்கூட நம்ப மாட்டேன் என்கிறார்கள்.